ஒரு நாளை மிச்சப்படுத்தப் போய்...

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டதும் இரும்புலியூரின் இரவுகளுக்கு ஒரு புதுப் பரபரப்பு வந்துவிடும். சென்னைப் புறவழிச் சாலை வந்து ஜி.எஸ்.டி. சாலையோடு சேரும் முனை அது. அம்பத்தூர், மதுரவாயல் பக்கங்களிலிருந்து தெற்கே புறப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்த முனையைத் தொட்டுத்தான் செல்கின்றன. இஷாத் தொழுகை முடிந்த பின் சற்று நேரம் அங்கே நின்று பாருங்கள். கூரைமேல் பெட்டிகளைக் கட்டிய வேன்களும், கால் நீட்ட இடமின்றி ஆட்களை ஏற்றிய கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஜன்னலில் கன்னத்தைச் சாய்த்து உறங்கும் பிள்ளைகள். மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு தஸ்பீஹ் உருட்டும் பாட்டிமார். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம், கடையநல்லூர் எனச் சொந்த ஊர்களை நாடிப் போவோர் ஒரு பங்கு. உதகை, கொடைக்கானல், குற்றாலம் எனக் குளிர்ச்சியைத் தேடிப் போவோர் மற்றொரு பங்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று நாம் எந்த இடத்திலிருந்து நல்ல காற்றைத் தேடி ஓடுகிறோமோ, அந்த இடத்துக்கே ஒரு காலத்தில் நல்ல காற்றைத் தேடி மக்கள் வந்தார்கள். டாக்டர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டில் பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கியபோது, தாம்பரத்துக் காற்றே பாதி மருந்து என்று கருதப்பட்டது. ரயில் நிலையத்தின் பெயரில் அந்த நினைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, இந்த வண்டிகள் எல்லாம் ஏன் இரவில் புறப்படுகின்றன? எந்தக் குடும்பத் தலைவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒரு பகல் மிச்சமாகுமே!" இருப்பது நான்கு நாள் விடுப்பு. அதில் போகும் வழிக்கு ஒரு நாளைக் கொடுக்க மனம் வருவதில்லை. இக்கட்டுரை அந்த மிச்சத்தைப் பற்றியதே. விடுமுறைப் பயணத்தில் நேர்ந்த பெருந்துயரங்கள் சிலவற்றை எடுத்து வைத்துப் பார்த்தால், நேரத்தை மிச்சம் பிடிக்கும் அந்த அவசரமே பலவற்றின் அடியில் கிடப்பதைக் காணலாம்.

பயணியின் உடல்

முஸாஃபிருக்கு ஷரீஅத் தந்திருக்கும் சலுகைகளை நாம் அனைவரும் அறிவோம். நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்தும் தொழுகின்றனர். ரமலானில் பயணிக்கு நோன்பை ஒத்திவைக்க இடமுண்டு. நீர் கிட்டாத இடத்தில் தயம்மும் போதும். இந்தச் சலுகைகளைப் பற்றி மஸாயில் கேட்கிறோம். எத்தனை மைல் தொலைவு போனால் கஸ்ரு செய்யலாம் என்று விவாதிக்கிறோம். ஆனால் இவை ஏன் தரப்பட்டன என்பதைச் சற்றே நின்று நினைப்பது குறைவு. பயணத்தில் இருக்கும் உடல், வீட்டில் இருக்கும் உடல் அன்று. அதன் வலிமை குறைந்துவிட்டது என்ற உண்மையின்மேல் எழுந்த சலுகைகள் அவை. பயணம் என்பது உணவையும் நீரையும் உறக்கத்தையும் தடுத்து வைக்கும் ஒரு வேதனைத் துண்டு என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன.

படைத்தவன் கடமையையே குறைத்துத் தந்த இடத்தில், நாமோ வீட்டில் செய்யாத வேலைகளை எல்லாம் உடலின்மேல் ஏற்றுகிறோம்! நாள் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, மாலையில் பெட்டி கட்டி, இரவு முழுவதும் வண்டி ஓட்டி, காலையில் மலையேறிப் படகில் உட்காருகிறோம்.

பிலால் (ரலி) அவர்களையும் வென்ற உறக்கம்

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முஸ்லிம் நூலில் காண்கிறோம். இரவெல்லாம் பயணம் செய்த படை, இரவின் கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் தங்கியது. ஃபஜ்ருக்கு எழுப்பிவிடும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தம்மால் இயன்றவரை தொழுதார். விடியல் நெருங்கியதும் கிழக்கை நோக்கித் தம் ஒட்டகத்தின்மேல் சாய்ந்து அமர்ந்தார். உறக்கம் அவரை வென்றுவிட்டது. வெயில் உடலில் படும் வரை எவரும் விழிக்கவில்லை. இதற்காக அவர் கடியப்படவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பாங்கொலிக்கென்றே பெயர் பெற்ற, உறுதிக்குச் சான்றாக நிற்கும் ஒரு நபித்தோழரையே விடியற்கால உறக்கம் வென்றதென்றால், வாடகை வேனின் ஓட்டுநர்த் தம்பி எம்மாத்திரம்? மனித உடலுக்குள் ஓடும் கடிகாரம், இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் விழிப்பை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறது. மன உறுதியால் அதைத் தள்ளிப்போடலாம், ஒழிக்க இயலாது. கண் திறந்திருக்கும்போதே மூளை நான்கைந்து நொடி அணைந்து மீளும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நான்கு நொடியில் ஏறத்தாழ 90 மீட்டர் ஓடிவிடும். அந்தத் தொலைவு முழுவதும் அதை எவரும் ஓட்டவில்லை என்று பொருள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஃபஜ்ருக்கு ஐந்து மணிக்கு எழுந்தவர், இரவு பத்து மணிக்கு இரும்புலியூரைக் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது கலந்தவரின் கவனத்துக்குச் சமமாகக் குன்றிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுவோருக்கு வைத்திருக்கும் எல்லை 30 மில்லி கிராம்தான். மதுவை வாழ்நாளில் தொட்டறியாத ஒரு மனிதர், அதைக் குடித்தவரின் கைகளோடு பயணத்தைத் தொடங்குகிறார். அவருக்குப் பின்னால் அவருடைய குடும்பமே உறங்கிக்கொண்டிருக்கிறது.

இரவில் பயணம் செய்வதை ஊக்குவிக்கும் நபிமொழி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. பாலை வெயிலில் ஒட்டகத்தின்மேல் போனவர்களுக்குச் சொல்லப்பட்டது அது. உறங்கும் மனிதரைச் சுமந்துகொண்டு ஒட்டகம் தன் கண்ணால் வழி பார்த்து நடக்கும், கார் நடக்காது. இரவில் இளைப்பாறத் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குங்கள் என்ற அறிவுரையும் நபிமொழிகளில் உண்டு. அதை இன்றைய நெடுஞ்சாலையில் அப்படியே கடைப்பிடிக்கலாம். சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் வண்டியின்மேல் பின்னால் வருவது மோதியது என்ற செய்தியை நாளிதழில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இளைப்பாற வேண்டுமானால் பெட்ரோல் நிலையம், சுங்கச்சாவடியை ஒட்டிய இடம், உணவு விடுதியின் உள்வளாகம் என்று சாலையை விட்டு முற்றிலும் விலகி நிறுத்துங்கள். தேநீரும் முகத்தில் தெளிக்கும் தண்ணீரும் தூக்கத்தைத் தீர்ப்பதில்லை. இருபது நிமிட உறக்கம் தீர்க்கும்.

இரவு முழுவதும் நன்றாக உறங்கி, ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்படுவதே மேலானது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காயல்பட்டினத்துக்கும் நடுவில் உண்டு, தொழுது, இளைப்பாறி, இருட்டும் வேளைக்கு ஒட்டிப் போய்ச் சேரலாம். நாள் குறைகிறதே என்று வருந்துவோருக்கு ரயில் இருக்கிறது. இப்போது தாம்பரத்திலிருந்தே தென்மாவட்டங்களுக்கு வண்டிகள் புறப்படுகின்றன. 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் நமக்குப் பக்கம்தான். பெருங்களத்தூர்ச் சாலையோரத்தில் பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் நின்று, ஓடும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்திய பழைய பழக்கத்தை விட்டுவிட அதுவே போதுமான காரணம்.

வேன் அமர்த்துவோர் வாடகையைப் பேசுகிறார்கள். குளிர்சாதனம் உண்டா என்று கேட்கிறார்கள். "தம்பி, நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள்?" என்று கேட்பவர்கள் அரிது. முந்திய இரவு திருப்பதி போய்வந்த கையோடு உங்களை ஏற்றிக்கொள்ள வந்திருக்கலாம் அவர். அதைக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்கவேண்டாம். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பின் இருக்கையில் அமர்வோரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நாம் சிரிக்கிறோம். டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே மாண்டபோது, விலையுயர்ந்த காரின் பின் இருக்கையில் பட்டை அணியாமல் இருந்தார். கைக்குழந்தையை மடியில் ஏந்தி முன் இருக்கையில் அமரும் தாய்மார்களே, மோதலின்போது குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைகளுக்கும் கிடையாது. அதன் எடை அந்தக் கணத்தில் பல மடங்காகிவிடும்.

விபத்து நேர்ந்துவிட்டால் 108. இதை எல்லோரும் அறிவார்கள். அறியாத ஒன்று: 2021 டிசம்பர் 18 அன்று இதே ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிவைத்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பணத்துக்காகத் தயங்கிச் சொந்த ஊருக்கு எடுத்துச் செல்ல முயல வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையே அந்நேரத்தில் சொந்த ஊர்.

அந்தி வேளைப் படகு

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் உள்ள தானூர், நம்மைப் போன்ற குடும்பங்கள் நிறைந்த கடலோர ஊர். 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். தூவல் தீரத்தில் சூரியன் மறைந்த பிறகும் ஒரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மீன்பிடிப் படகை மாற்றியமைத்து இரண்டு தட்டுகளாக்கிய படகு அது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். சற்றுத் தொலைவில் அது கவிழ்ந்தது. 22 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தார். ஒரு வீட்டிலிருந்து பதினொரு ஜனாஸா.

அந்தப் படகில் ஏறியவர்களைக் குறை கூற நமக்கு வாய் இல்லை. பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், 'மற்றொரு நாள் வரலாம்' என்று சொல்ல எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? இருட்டிய பின் படகு விட்டவர்கள்மீதும், விட அனுமதித்தவர்கள்மீதும்தான் குற்றம். ஆயினும் நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது என்ன செய்வது என்பதை இன்றே தீர்மானித்து வைக்கலாம் அல்லவா?

இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2009 செப்டம்பர் 30 மாலை, தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அவர்களில் தமிழகத்தாரும் இருந்தனர். கரையில் தெரிந்த காட்டு விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தபோது, அமைப்பிலேயே குறையுள்ள அந்தப் படகு நிலை தவறியது. உயிர்காக்கும் சட்டை எவர் உடலிலும் இல்லை. பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று விடுமுறை கொண்டாட வந்த ஒரு குடும்பக் கூட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இதேபோல் ஏரி நீரில் மூழ்கினர்.

எனவே படகில் கால் வைக்கும் முன்பே உயிர்காக்கும் சட்டையை வாங்கி அணியுங்கள்; எல்லா வார்களையும் இறுக்குங்கள். பிள்ளைக்குப் பெரியவர் அளவுச் சட்டையைத் தந்தால் மறுத்துவிடுங்கள், நீரில் அது தலைக்கு மேல் கழன்றுபோகும். சட்டை இல்லாத படகும், இருட்டிய பிறகு புறப்படும் படகும் நமக்கு வேண்டாம். படகோட்டி எவ்வளவு அழகாக அழைத்தாலும் சரி.

கோவளத்தில் முழங்கால் அளவு

இரும்புலியூர்க் குடும்பங்களுக்கு நீண்ட பயணம் வாய்க்காத ஆண்டுகளில் கோவளம் இருக்கிறது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியே போனால் தமீமுல் அன்சாரி தர்காவும் கடற்கரையும் எட்டிவிடும் தூரம். ஜியாரத் முடிந்ததும் பிள்ளைகள் நேரே அலைக்குத்தான் ஓடும். நாகூரிலும் அப்படியே.

நம் வங்கக் கரையில் ஆளை விழுங்குவது பெரும்பாலும் உயர்ந்தெழும் அலை அன்று. கரைக்கு வந்த நீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும் இழுப்பே. அலைகள் உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, சற்றே கருத்துத் தெரியும். 'இங்கேதான் அலை இல்லை' என்று பிள்ளைகளை அங்கே இறக்குகிறோம். இழுப்பு இருப்பது அந்த இடத்தில்தான். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் சோர்ந்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதைவிட்டு விலக வேண்டும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இறங்குமுன் அங்குள்ள மீனவர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அன்றைய கடலை அவர் அறிவார்.

நம் பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். நனைந்த புடவையும் புர்காவும் காலைச் சுற்றிக்கொண்டு ஆளைக் கீழே இழுக்கும். முழங்காலுக்கு மேல் நீர் வரும் இடத்தில் பெண்கள் நிற்கவே கூடாது. பிள்ளையை அலை இழுத்தால் தாய் பாய்கிறாள், தாயைக் காப்பாற்றத் தகப்பன் பாய்கிறார், அவருக்குப் பின் மாமன். ஒரே குடும்பத்தில் மூவர், நால்வர் மூழ்கும் செய்திகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. நீந்தத் தெரியாதவர் நீரில் இறங்குவதால் ஓர் உயிருக்குப் பதில் இரண்டு போகும். முடிச்சிட்ட துப்பட்டா, கயிறு, மூடிய காலித் தண்ணீர்க் குடுவை எதையாவது எறியுங்கள். கூவி ஆள் சேருங்கள்.

அருவியின் ஆபத்து வேறு வகை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் மலையில் பெய்த மழை நொடிகளில் வெள்ளமாக இறங்கிற்று. பள்ளி மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருப்பது எதற்கும் உறுதியன்று. நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சோப்பையும் துண்டையும் விட்டுவிட்டு மேலேறிவிட வேண்டும். காவலர் விசில் அடித்த பின்னும் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று தலையை நீட்டுவோரைக் குற்றாலத்தில் எல்லா ஆண்டும் காணலாம்.

கூட வரும் நெருப்பு

2023 ஆகஸ்டு 26 விடியற்காலை. மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது பேர் கருகினர். உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில் தரிசனத்துக்கு வந்தவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் எடுத்து வந்திருந்த சமையல் எரிவாயு உருளையில் தேநீர் தயாரிக்க முயன்றதே காரணம் என்று தெரியவந்தது. விடுதியையோ கடையையோ தேடி அலையும் நேரம் மிச்சம் அல்லவா!

நாமும் இதைச் செய்யாதவர்கள் அல்லோம். கூட்டமாக தர்காப் பயணம் போகும் வேன்களில் பின்புறத்தில் அடுப்பும் உருளையும் ஏறுகின்றன. ரயிலில் எரிவாயு, மண்ணெண்ணெய், பட்டாசு எதுவும் கூடாது என்பது சட்டம். வேனிலும், ஆட்கள் அமரும் இடத்தில் உருளை வைப்பது அறிவுடைமையன்று. மலையூர்களில் குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ, பிரியாணிச் சட்டிக்கு இட்ட தணலையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது இன்னொரு கொடுமை. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்கியவர்கள் உறக்கத்திலேயே போய்விடுவார்கள். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுங்கள் என்ற நபிகளாரின் கட்டளை மதீனத்து வீடு ஒன்று எரிந்தபோது பிறந்தது. மலையூர் விடுதி அறைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

கட்டுச்சோறும் தண்ணீரும்

நம் வீட்டுப் பெண்கள் கட்டிக்கொடுக்கும் உணவைப் பற்றிக் குறை சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மாலையில் தம் போட்ட பிரியாணியை மறுநாள் நண்பகல் வரை சூட்டோடு மூடி வைத்து உண்பது ஆபத்தானது. அரிசியில் இயல்பாகவே உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் வேகும்போது சாவதில்லை. மிதமான சூட்டில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சு மீண்டும் சுடவைத்தாலும் அழியாது. தேங்காய்ப்பால் சேர்ந்த நெய்ச்சோறும், முட்டையும் பாலும் சேர்ந்த வட்டலப்பமும் இன்னும் விரைவில் கெடும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிடுவதைக் கட்டுங்கள். அல்லது ஈரப்பசை அற்றதைக் கட்டுங்கள். கப்பலில் மாதக்கணக்கில் போன நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். உலர்ந்த மாசி, வறுத்த மாவு, கீழக்கரைத் தொதல் எல்லாம் அவர்களுடைய பயண அறிவிலிருந்து வந்தவையே.

வழியில் வாங்கினால், கண்ணெதிரே கொதித்து இறங்கியதை உண்ணுங்கள். வெட்டி வைத்த பழம், பனிக்கட்டி போட்ட சர்பத், தண்ணீர் கலந்த மோர் மூன்றையும் பிள்ளைகளுக்கு விலக்குங்கள். நீலகிரி மாவட்டத்தில் சிறு பிளாஸ்டிக் தண்ணீர்க் குடுவைகளுக்குத் தடை உண்டு; சோதனைச் சாவடியில் பறித்துக்கொள்வார்கள். எவர்சில்வர்க் குடுவையில் காய்ச்சிய நீரைக் கொண்டு செல்வது அங்கே சட்டத்துக்கும் பொருத்தம், வயிற்றுக்கும் பொருத்தம். (உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடப்புக்கு வந்திருப்பதையும் புறப்படுமுன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

வயிற்றுப்போக்கு கண்டுவிட்டால் முதல் மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்க எல்லையிலுள்ள போங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பு வழி ஏற்றும் மருந்து தீர்ந்துவிட்ட நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வாய்வழி கொடுக்கச் செய்தார். சாவு பல மடங்கு குறைந்தது. மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. ஐந்தாறு பொட்டலங்கள் பையில் இருக்கட்டும். இரத்தம் கலந்து போனாலோ, குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

நம் பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. ஆண்கள் பலர் இதைக் கவனித்ததும் இல்லை. கழிப்பிடம் எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் துப்புரவாக இருக்குமா, புர்காவோடு எப்படிச் செல்வது என்ற தயக்கத்தில் காலையிலிருந்து நாவை நனைக்காமல் வருகிறார்கள். சிறுநீரை அடக்குகிறார்கள். ஊர் சேர்ந்த மறுநாள் எரிச்சலும் குளிர்காய்ச்சலும். கருவுற்றிருப்பவருக்கு இது இன்னும் கேடு. வண்டியை நிறுத்துமாறு அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களாகவே நிறுத்துங்கள். தொழுகைக்கு இறங்கும் பள்ளிவாசலில் பெண்களுக்கு வசதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அப்படி இறங்கி நடப்பது, கால் மடக்கி நெடுநேரம் அமர்ந்த முதியோரின் கால் நரம்புகளில் இரத்தம் உறையாமல் இருக்கவும் உதவும்.

மருந்துப் பையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய்க்கு அன்றாடம் உண்ணும் மாத்திரைகள் போகும் நாட்களுக்கு மேல் இன்னும் மூன்று நாட்களுக்கு இருக்கட்டும். கூரைமேல் கட்டிய பெட்டியில் அல்ல, கைப்பையில். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப்போனால் அது வெறும் தண்ணீர். மலையூர்க் குரங்குகளுக்குப் பிள்ளைகள் தீனி கொடுக்க வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். ஊர் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத ஊசி அது.

யார் அமீர்?

மூவர் பயணம் புறப்பட்டால் தம்மில் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. நம் குடும்பப் பயணங்களில் வாப்பாவோ அத்தாவோ, அவரவர் ஊர் வழக்கப்படி அழைக்கப்படும் தலைவர், அமீராகத் தாமே இருந்துவிடுகிறார். ஆனால் பெரும்பாலும் வண்டி ஓட்டுபவரும் அவரே. நாளை மிச்சம் பிடிக்கத் துடிப்பவரும் அவரே. "இருட்டிவிட்டது, படகு வேண்டாம்", "உங்களுக்குக் கண் சொக்குகிறது, இங்கேயே தங்கிவிடுவோம்" என்று சொல்லும் குரல் பின் இருக்கையிலிருந்துதான் எழுகிறது. அதை உம்மாவோ பாட்டியோ சொல்லும்போது 'பயந்தாங்கொள்ளி' என்று சிரித்துவிடுகிறோம். புறப்படும் முன்பே வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டால் என்ன? இந்தப் பயணத்தில் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இன்னாருக்கு. அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அது வீட்டிலுள்ள மூத்த பெண்மணியாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பிள்ளைகளின் எண்ணிக்கையை நொடிக்கு நொடி மனத்தில் எண்ணிக்கொண்டு வருபவர் அவர்தானே.

திரும்பி வந்த பிறகும் சில நாட்கள் எச்சரிக்கை வேண்டும். ஊருக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் 'அலைச்சல் காய்ச்சல்' என்று கஷாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கொசு கடித்த ஊரிலிருந்து மலேரியாவும் டெங்குவும், தேங்கிய நீரில் கால் வைத்ததால் எலிக்காய்ச்சலும், புதர்க்காட்டில் அமர்ந்ததால் உண்ணிக் காய்ச்சலும் கூடவே வந்திருக்கலாம். நான்குக்கும் சிகிச்சை ஒன்றே அன்று. தொடக்கத்தில் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: எந்த ஊருக்குப் போனோம், எந்த நாளில் திரும்பினோம், எந்த நீரில் இறங்கினோம் என்று.